நலம் விசாரிக்க வருகிறவர்களுக்கு

அன்புள்ள உறவினர்களே, அக்கம்பக்கத்தாரே, அலுவலக நண்பர்களே,

புற்றுநோய் என்று தெரிந்த வீட்டுக்கு ஆப்பிளும் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கிக்கொண்டு, வெயிலில் இரண்டு பஸ் மாறி வந்து நிற்கிறீர்களே, உங்கள் அனைவருக்கும் இந்த மடலை எழுதுகிறேன். என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து அறுவை சிகிச்சை, கீமோ, ரேடியேஷன் என்று நடந்த காலம் முழுவதும் கூடவே இருந்தவள் நான். கதவைத் திறந்து உங்களை உள்ளே அழைத்தவள் நான். நீங்கள் கிளம்பிப் போன பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளும் நான்தான். உங்களுக்குத் தெரிந்தது நீங்கள் இருந்த அரை மணி நேரம். அதற்குப் பிறகு அந்த அறையில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது.

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உங்களை வர வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. எட்டிக்கூடப் பார்க்காமல் இருந்துவிட்டவர்களை நினைத்தும் அக்கா அழுதிருக்கிறாள். ஒருவர் படுத்துவிட்டால் ஊரே வந்து பார்ப்பது நம் வழக்கம். அது நல்ல வழக்கம், நிலைக்க வேண்டிய வழக்கம். எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் கெட்ட எண்ணத்தோடு வந்தவர் ஒருவர்கூட இல்லை. அப்படியிருந்தும், அன்போடு வந்தவர்களின் பேச்சு அவளைப் பல நாள் தூங்கவிடாமல் செய்தது. இது ஏன் நடக்கிறது என்று நாம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

"எத்தனாவது ஸ்டேஜ்?" பெரும்பாலும் இதுதான் முதல் கேள்வி. செருப்பைக் கழற்றும்போதே கேட்டவர்கள் உண்டு. கட்டி எவ்வளவு பெரியது, அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருக்கிறதா, வேறு உறுப்புகளுக்குப் போயிருக்கிறதா என்று பார்த்து, எந்தச் சிகிச்சையை எந்த வரிசையில் கொடுப்பது என்று தீர்மானிக்க மருத்துவர்கள் வைத்துக்கொண்ட கணக்கு அது. கேட்பவர் மனத்திலோ அது, இன்னும் எத்தனை நாள் என்ற கேள்வியாக இருக்கிறது. கேட்கப்படுகிறவருக்கும் அது நன்றாகவே புரிகிறது. அந்த எண்ணைத் தெரிந்துகொண்டு நீங்கள் செய்யப்போவது என்ன? அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாகக் கேட்காதீர்கள்.

அடுத்து வருவது கதை. "எங்க ஓரகத்தியோட அண்ணிக்கும் இதேதான். நல்லாத்தான் நடமாடிட்டு இருந்தாங்க. ஆறே மாசம்." இதைச் சொன்னவர் என் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் கண்ணில் நீர் இருந்தது. அன்றிரவு அக்கா என்னிடம் கேட்டாள்: "ஆறு மாசம்னா தீபாவளியைத் தாண்டிடுவேனாடி?"

மார்பகப் புற்றுநோயிலேயே பல வகை உண்டு. ஹார்மோன் ஏற்பிகள் உள்ளது, ஹெர்2 புரதம் மிகுந்திருப்பது, இவை எதுவுமே இல்லாதது என்று ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு, போக்கு வேறு. ஒரே வகை வந்த இரண்டு பெண்களுக்குக்கூட நோய் ஒன்றுபோல் நடப்பதில்லை. தொடக்க நிலையிலேயே கண்டுபிடித்து முறையாகச் சிகிச்சை எடுத்துக்கொள்பவர்களில் மிகப் பலர் குணமடைந்து பல்லாண்டு வாழ்கிறார்கள். உங்கள் ஓரகத்தியின் அண்ணிக்கு வந்தது எந்த வகை, எந்த நிலையில் தெரிந்தது, என்ன சிகிச்சை நடந்தது என்பதெல்லாம் உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஆனால் அந்த மரணம் மட்டும் எங்கள் வீட்டுக்குள் வந்து தங்கிவிட்டது. இறந்தவர்களின் கதையை நோயாளியின் கட்டிலருகே சொல்லாதீர்கள். பிழைத்தவரின் கதையைக்கூட, "சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

மூன்றாவது, வைத்தியம். முள்ளுசீத்தா இலைக் கஷாயம், கோதுமைப்புல் சாறு, சர்க்கரையை அடியோடு நிறுத்தினால் கட்டி பட்டினி கிடந்து கரைந்துவிடும் என்ற யோசனை, "பயாப்சி எடுத்தா பரவிடும், எடுக்க விடாதீங்க" என்ற எச்சரிக்கை, "கீமோ உடம்பையே தின்னுடும், வேண்டாம்" என்ற கட்டளை. இத்தனையும் அக்கறையில் வந்தவைதான். ஆனால் முள்ளுசீத்தா மனிதர்களின் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று மருத்துவ ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை. பயாப்சி செய்யாமல் எந்த வகை என்று தெரியாது; வகை தெரியாமல் மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. கீமோ நடக்கும்போது கண்ட சாற்றையும் கஷாயத்தையும் குடித்தால், அவற்றில் சில மருந்தின் வேலையையே மாற்றிவிடக்கூடும். நம் நாட்டில் ஏராளமான பெண்கள் நோய் முற்றிய பிறகுதான் மருத்துவமனைக்கு வருகிறார்கள். அந்தத் தாமதத்துக்குப் பயமும் பணமும் காரணம். கூடத்தில் உட்கார்ந்து நாம் சொல்லும் இத்தகைய யோசனைகளும் காரணம். நோயாளியின் மனம் ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருக்கும் நேரத்தில் நீங்கள் போகிற போக்கில் சொல்லும் ஒரு வரி, அவர் அடுத்த கீமோவைத் தள்ளிப்போடக் காரணமாகிவிடலாம். அந்தப் பொறுப்பை ஏற்க உங்களால் முடியுமா?

இவற்றையெல்லாம்விட ஆழமாகக் குத்துவது பழி. "யாருக்கு என்ன பாவம் செஞ்சோமோ" என்றார் ஒருவர். "எல்லாத்தையும் மனசுக்குள்ளேயே வச்சுப் புழுங்கினா இப்படித்தான் வரும்" என்றார் இன்னொருவர். அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் தாமே மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர். நோயை உருவகமாக்கிப் பேசும் பழக்கத்தைப் பற்றி 1978இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். உணர்ச்சிகளை அடக்கிவைப்பவர்களுக்கே புற்றுநோய் வருகிறது என்ற நம்பிக்கை அவர் ஊரிலும் இருந்தது. அது நோயின் சுமையோடு குற்ற உணர்வையும் நோயாளியின் தலையில் ஏற்றுகிறது என்று அந்த நூலில் அவர் வாதிட்டார். இத்தனை ஆண்டுகள் கழிந்தும் அதே சுமையை நாம் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். வலியோடு படுத்திருப்பவரிடம், "இது நீயாகத் தேடிக்கொண்டது" என்று சொல்வதில் எந்த ஆறுதலும் கிடையாது.

பழி பரம்பரைக்கும் தாவுகிறது. அக்காவின் மகள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு நகர்வதற்குள், "பொண்ணுக்குச் சீக்கிரம் ஒரு கல்யாணத்தை முடிச்சிடுங்க, விஷயம் வெளியே தெரியறதுக்குள்ள" என்று ஒருவர் சொன்னார். அந்தப் பெண்ணின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். பரம்பரையாகக் கடத்தப்படும் மரபணுக் கோளாறால் வருபவை மார்பகப் புற்றுநோய்களில் சுமார் 5 முதல் 10 சதவீதம்தான். அப்படிச் சந்தேகம் இருந்தால் சோதித்துச் சொல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள். வரும் உறவினர்கள் அந்த முடிவை எழுத வேண்டியதில்லை. இன்னொன்று: இது தொற்றுநோய் இல்லை. எங்கள் வீட்டில் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டுப் போன டம்ளர்களை எடுத்து வைத்தவள் அக்காதான். அவள் எதுவும் சொல்லவில்லை. கவனிக்காமல் இருந்தாள் என்று நினைக்காதீர்கள்.

பிறகு உடல். "ஐயோ, எப்படி இருந்த பொண்ணு இப்படி ஆயிட்டாளே!" வாசலிலேயே இந்த ஓலம் வந்துவிடுகிறது. கண்ணாடி அவள் அறையிலும் இருக்கிறது. கீமோ தொடங்கி இரண்டு மூன்று வாரங்களில் முடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடக்கும். சிகிச்சை முடிந்து சில மாதங்களில் பெரும்பாலும் திரும்ப வளரும். இது அவளுக்குத் தெரிந்ததுதான். அதை மறந்திருக்கும் ஓர் அரை மணி நேரத்துக்காகத்தான் உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறாள். "எடுத்துட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே அவளுடைய புடவைத் தலைப்பின் மேல் பார்வையை நிறுத்தாதீர்கள். அறுவை சிகிச்சையின் விவரம் அவள் உடலைப் பற்றிய செய்தி. யாரிடம் எவ்வளவு சொல்வது என்று முடிவு செய்ய வேண்டியவள் அவள்.

"சரி, இதெல்லாம் வேண்டாம் என்றால் தைரியம் சொல்லலாம் அல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். சொல்லலாம். ஆனால் தைரியம் சொல்வதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. அக்கா ஒருநாள் தன் தோழியிடம், "எனக்குப் பயமா இருக்கு" என்று ஆரம்பித்தாள். "சீச்சீ, அப்படியெல்லாம் பேசாதே, உனக்கு ஒண்ணும் ஆகாது, பாசிட்டிவா இரு" என்று அந்தப் பேச்சு அங்கேயே முடிக்கப்பட்டது. சொன்னவருக்கு நிம்மதி. அக்காவுக்கோ, அந்தப் பயத்தை இனி யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஆகிவிட்டது. ஒன்றும் ஆகாது என்ற உறுதியைச் சிகிச்சை தரும் மருத்துவர்கூடக் கொடுப்பதில்லை. நாம் எப்படிக் கொடுக்க முடியும்? பயமாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், "பயமாத்தானே இருக்கும். எதை நினைச்சு ரொம்பப் பயமா இருக்கு?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் அழுதால் அழட்டும். அழுகையை உடனே நிறுத்துவது உங்கள் கடமை என்று நினைக்க வேண்டாம்.

மருத்துவர்களே இதைப் பயிற்சியாகக் கற்கிறார்கள். புற்றுநோய்ச் செய்தியை நோயாளியிடம் எப்படிச் சொல்வது என்று வால்டர் பெய்ல், ராபர்ட் பக்மன் உள்ளிட்ட மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டில் ஆறு படிகள் கொண்ட ஒரு வழிமுறையை வெளியிட்டார்கள். அதன்படி, மருத்துவர் எதையும் சொல்வதற்கு முன்னால் இரண்டைக் கேட்டறிய வேண்டும்: நோயாளி தன் நிலையைப் பற்றி ஏற்கெனவே என்ன அறிந்திருக்கிறார், மேற்கொண்டு எவ்வளவு அறிய விரும்புகிறார். பல ஆண்டுகள் படித்து, எல்லா அறிக்கைகளையும் கையில் வைத்திருக்கும் மருத்துவரே கேட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றால், எதையும் அறியாத நாம் எவ்வளவு கேட்க வேண்டும்!

நீங்கள் ஏன் இப்படிப் பேசுகிறீர்கள் என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன். நீங்களும் பயந்திருக்கிறீர்கள். அந்தப் படுக்கையில் நீங்களோ உங்கள் மகளோ இருந்தால் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அந்தப் பயத்தைத் தாங்க முடியாமல் ஸ்டேஜ் கேட்கிறீர்கள், காரணம் தேடுகிறீர்கள், வைத்தியம் சொல்கிறீர்கள். பயம் இயல்பு. அதை எங்கே இறக்கி வைப்பது என்பதில்தான் தவறு நேர்கிறது. அமெரிக்க மருத்துவ உளவியலாளர் சூசன் சில்க் மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பிறகு, பார்க்க வர விரும்பிய உடன் பணியாளர் ஒருவரிடம், இப்போது யாரையும் பார்க்கும் நிலையில் இல்லை என்றார். இது உங்களைப் பற்றியது மட்டும் இல்லையே என்ற பொருளில் பதில் வந்தது. சில்க்கும் அவருடைய நண்பர் பாரி கோல்ட்மனும் 2013இல் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழில் ஓர் எளிய வழியைச் சொன்னார்கள். நோயாளியை நடுவில் வைத்து ஒரு வட்டம் போடுங்கள். அடுத்த வட்டத்தில் கணவரும் பிள்ளைகளும், அதற்கடுத்து உடன்பிறந்தவர்கள், பிறகு நண்பர்கள், அக்கம்பக்கத்தார். உள்வட்டத்தை நோக்கி ஆறுதல் மட்டுமே போக வேண்டும். புலம்பலை உங்களுக்கு வெளியே இருக்கும் வட்டத்தில்தான் கொட்ட வேண்டும். நடுவில் இருப்பவர் மட்டும் யாரிடமும் எதையும் சொல்லலாம். நம் குடும்பங்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். அழுகை வந்தால் வெளியே வந்து உங்கள் கணவரிடம் அழுங்கள், தோழியிடம் அழுங்கள். என் அக்காவை உங்களுக்கு ஆறுதல் சொல்ல வைக்காதீர்கள். பல நாள் அவள்தான் உங்கள் கண்ணீரைத் துடைத்து வழியனுப்பினாள்.

இன்னொரு குறையையும் சொல்லிவிடுகிறேன். அறைக்கு வெளியே வந்து, கூடத்தில் குரலைத் தாழ்த்தி, "டாக்டர் உண்மையில என்னதான் சொல்றார்?" என்று எங்களைக் கேட்கிறீர்கள். கதவு ஒன்றுதான் நடுவில். நோயில் படுத்திருப்பவருக்குக் காது கூர்மையாகிவிடுகிறது. தாழ்ந்த குரலில் ஏதோ பேசுகிறார்கள் என்பதே அவருக்கு ஒரு தீர்ப்பாகக் கேட்கும். சில வீடுகளில் நோயாளியிடம் முழு விவரத்தைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த முடிவு சரியா தவறா என்று தீர்ப்பு சொல்ல நீங்கள் வரவில்லை. உங்கள் வாயால் செய்தி உடைந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். அதேபோல, கேட்டுத் தெரிந்துகொண்டதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன்னால் சம்பந்தப்பட்டவரின் அனுமதி வாங்குங்கள்.

இந்த நோயைப் பற்றி வாய் திறந்து பேசும் நிலைக்கு நாம் வந்ததே பலரின் உழைப்பால்தான். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது அங்கே இருந்தவை 12 படுக்கைகள். 2021 ஜனவரியில் மறையும்வரை டாக்டர் வி. சாந்தா தம் வாழ்நாளை அந்த மருத்துவமனைக்கே கொடுத்தார். புற்றுநோய் என்றால் மரணம் என்ற பயத்தை மக்கள் மனத்திலிருந்து அகற்றுவதும் அவர்கள் பணியில் ஒரு பகுதியாக இருந்தது. இன்று இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 14 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. அப்படியென்றால் அத்தனை வீடுகள், அத்தனை கதவுகள், அத்தனை நலம் விசாரிப்புகள். மருத்துவர்கள் அகற்றப் பாடுபட்ட பயத்தை நாம் திரும்பக் கொண்டுபோய் வைக்கக் கூடாது.

என் வேண்டுகோள்கள் இவை. வருவதற்கு முன் போன் செய்து, "இன்னிக்கு வரலாமா?" என்று கேளுங்கள், இன்று வேண்டாம் என்றால் வருத்தப்படாதீர்கள். கீமோ போட்டு ஒன்றிரண்டு வாரங்களில் ரத்த வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறைந்திருக்கும். உங்களுக்குச் சளியோ காய்ச்சலோ இருந்தால் அப்போது வராமல் இருப்பதே பெரிய உதவி. வந்தால் இருபது நிமிடத்தில் கிளம்புங்கள்; இந்தச் சிகிச்சையில் வரும் களைப்பு தூங்கினாலும் தீராது. உட்கார்ந்ததும், "இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று இன்றைய நாளை மட்டும் கேளுங்கள். பதில் நோயைப் பற்றி வந்தால் நோயைப் பற்றிப் பேசுங்கள். சீரியலைப் பற்றி வந்தால் சீரியலைப் பற்றிப் பேசுங்கள். அக்காவின் அலுவலகத் தோழி ஒருத்தி வந்த நாட்களில் நோய் என்ற பேச்சே எழாது. மேலதிகாரியின் இடமாற்றம், புதிதாக வந்த கேண்டீன்காரர், யார் வீட்டில் என்ன விசேஷம் என்று பேசுவாள். அவள் போன பிறகு அக்கா நன்றாகச் சாப்பிடுவாள்.

என்ன சொல்வதென்று தெரியவில்லையா? "எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை, ஆனா உன்னைப் பார்க்கணும்போல இருந்துச்சு" என்று அதையே சொல்லுங்கள். எங்கள் காதில் விழுந்தவற்றில் அதுதான் மிக நல்ல வாக்கியம். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். கேட்க யாருக்கும் மனம் வராது. "வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாடு நான் கொண்டுவரேன்", "ஸ்கேனுக்கு நான் கூட வரேன்", "முதலமைச்சர் காப்பீட்டுக்கு வேண்டிய காகிதங்களை நான் அலைஞ்சு வாங்கித் தரேன்" என்று வேலையைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். செலவு எவ்வளவு ஆயிற்று என்று கேட்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். கூட இருந்து கவனிப்பவரிடம், "நீ சாப்பிட்டியா, தூங்கினியா?" என்று கேளுங்கள். முதல் மாதம் நிரம்பி வழியும் கூடம் நான்காவது மாதம் காலியாகிவிடுகிறது. அப்போது வாருங்கள். சிகிச்சை முடிந்த பிறகும் வாருங்கள். திரும்பி வந்துவிடுமோ என்ற பயத்தோடு அவர் தனியாக இருப்பது அப்போதுதான்.

என் அக்கா இன்று வேலைக்குப் போய்வருகிறாள். அவளுக்காக நான் எதையும் கேட்கவில்லை. நாளை உங்கள் தெருவில், உங்கள் அலுவலகத்தில், உங்கள் உறவில் இன்னொரு வீட்டில் இந்தச் செய்தி வரும். அந்த வீட்டுக்காகக் கேட்கிறேன். திருவள்ளுவர் மருந்து என்ற அதிகாரத்தின் முடிவில் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறார்: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிலிருந்து கவனிப்பவர். பார்க்க வருகிறவருக்கு அந்தப் பகுப்பில் தனி இடம் கிடையாது. ஆனால் நான்காமவரின் கைக்கு உதவியாக நீங்கள் இருக்க முடியும். அந்த வீட்டின் அழைப்பு மணியை அழுத்துவதற்கு முன், சொல்ல வந்ததை ஒருமுறை மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். நீங்கள் படுத்திருந்தால் கேட்க விரும்பும் வார்த்தை அதுவென்றால், உள்ளே வந்து சொல்லுங்கள். இல்லையென்றால் ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அதுவே போதும்.

அன்புடன்,
உங்களுக்குக் கதவு திறந்த ஒரு தங்கை